படிவத்துக்குப் படிவம் பொருள் மாறும் ‘ஸ்பவுஸ்’

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புறநகர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

1997-ஆம் ஆண்டு கோவில் மண்டபத்தில் அவருக்குத் தமிழ் முறைப்படி திருமணம் நடந்தது. நலங்கிலிருந்து அம்மி மிதிப்பது வரை ஒரு சடங்கும் விடுபடவில்லை. ஆனால் தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் அரசு நியமித்த திருமண அலுவலர் அல்லர். “ஹோம் அஃபேர்ஸுக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்” என்று, திருமணத்தைப் பதிவு செய்யும் உள்துறை அலுவலகத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மகள், ஒரு மகன், இருவரும் வளர்ந்துவிட்டார்கள். கணவருக்கு வயது 58. தொழிற்சாலை வேலையிலிருந்து உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டு, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அன்மேரீட்’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. வாசகி வீட்டிலிருந்தபடியே விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து கொடுத்துத் தனக்கென்று கொஞ்சம் சேமித்து வைத்திருக்கிறார்.

மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவத் திட்டம், ப்ராவிடென்ட் ஃபண்ட், வரித்துறையான சார்ஸ் ஆகிய மூன்றின் படிவங்களிலும் அவர் ‘ஸ்பவுஸ்’ (கணவன் அல்லது மனைவி) என்ற கட்டத்தில்தான் குறியிட்டு வந்திருக்கிறார். மருத்துவமனையும் ஸ்பவுஸ் என்ற முறையில் அவரிடம் கையெழுத்து வாங்கியது. வங்கி மட்டும், “எங்கள் கணினியில் நீங்கள் சிங்கிள், அவரும் சிங்கிள்” என்று சொல்லிவிட்டது. இந்தச் செய்தி கணவரின் அண்ணன் காதுக்கு எட்டியதும் அவர் வீட்டுக்கே வந்து, “ஹோம் அஃபேர்ஸில் பதிவு இல்லையென்றால் நீ ஸ்பவுஸ் இல்லை, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் வீடு எங்கள் குடும்பத்துக்குத்தான் திரும்பும்” என்று பேசியிருக்கிறார். அதே அண்ணனின் லாரித் தொழில் கடனுக்கு வாசகியின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன்பு ஷூரிட்டிக் (ஜாமீன்) கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. படிவங்களில் பொய் எழுதிவிட்டேனா? இத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததால் நான் தானாகவே சட்டப்படி மனைவி ஆகிவிட மாட்டேனா? வீடு மூத்தார் (கணவரின் அண்ணன்) பக்கம் போய்விடுமா? இப்போது பதிவு செய்தால் 1997-இல் நடந்தது கல்யாணமே இல்லை என்று ஆகிவிடுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களை அதிகம் வருத்தும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பொய் எழுதவில்லை. சார்ஸ் படிவத்தில் ஸ்பவுஸ் என்று குறியிட்டதும் உண்மை. ஹோம் அஃபேர்ஸ் பதிவில் திருமணமாகாதவர் என்று இருப்பதும் உண்மை. ஸ்பவுஸ் என்ற சொல்லுக்குத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரே பொருள் கிடையாது என்பதுதான் இதற்குக் காரணம். ஒவ்வொரு சட்டமும் தான் எதற்காக இயற்றப்பட்டதோ அதற்கேற்ப அந்தச் சொல்லை அகலமாகவோ குறுகலாகவோ வரையறுத்துக்கொள்கிறது. சில சட்டங்கள் வரையறுக்காமலே விட்டுவிட, நீதிமன்றம் பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மூத்தார் ஒரு சட்டத்தின் பொருளை எல்லாவற்றுக்கும் பொருத்துகிறார். நீங்களோ மூன்று படிவங்களில் ஏற்றுக்கொண்டார்களே என்று நான்காவது இடத்திலும் அதே பொருளை எதிர்பார்க்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டு ஒன்றாக வாழ்ந்தால் ‘காமன் லா வைஃப்’ ஆகிவிடலாம் என்று நம் சமூகத்தில் பலர் நம்புகிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு நிலை இல்லை. ஐந்து ஆண்டானாலும் முப்பது ஆண்டானாலும், காலம் கழிவதால் மட்டும் திருமணம் உண்டாவதில்லை. நிரந்தர வாழ்க்கைத் துணைக்குச் சில உரிமைகளை நீதிமன்றங்கள் அளித்திருப்பது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தச் சட்டத்தில் நீங்கள் ஸ்பவுஸ்

1961-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, நியமனம் பெற்ற திருமண அலுவலர் நடத்திவைத்த திருமணமே திருமணம். கிறித்தவ, யூத, இஸ்லாமிய முறைகளோடு, இந்தியச் சமயங்கள் எதனுடைய முறைப்படியும் திருமணம் நடத்தி வைக்கும் குருமாரை அலுவலராக நியமிக்க அச்சட்டத்தில் இடம் உண்டு. அப்படி நியமனம் பெற்ற தமிழ்க் குருக்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். உங்களுக்கு வாய்த்தவர் அவர்களில் ஒருவராக இல்லாமல் போனதுதான் சிக்கல். ஆகவே இந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மணமாகாதவர். வங்கி பார்த்தது இதைத்தான். வீட்டுப் பத்திரம் எழுதிய வழக்கறிஞரும் இதை வைத்துத்தான் ‘அன்மேரீட்’ என்று எழுதினார். அது உங்களை அவமதிப்பதற்காகக் கணவர் மறைத்துச் சொன்ன செய்தி என்று நீங்கள் எண்ண வேண்டாம். அதன் விளைவு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஒப்புதல் இல்லாமலே அவர் அந்த வீட்டை இன்று விற்கலாம், அடகு வைக்கலாம்.

வருமான வரிச் சட்டமோ, ஒரு சமயத்தின் நெறிப்படி திருமணமாக ஏற்கப்படும் உறவையும் ஸ்பவுஸ் என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஓய்வூதிய நிதிகளுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. அங்கே நிரந்தர வாழ்க்கைத் துணையும் ஸ்பவுஸ்தான். மருத்துவத் திட்டங்களுக்கான சட்டம் ‘ஸ்பவுஸ் அல்லது பார்ட்னர்’ என்று எழுதியிருப்பதால் அங்கே கேள்வியே எழவில்லை. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், நோயாளி தானே ஒப்புதல் தர இயலாதபோது யார் தரலாம் என்று ஒரு வரிசை வகுத்திருக்கிறது. அதில் முதலிடம் ஸ்பவுஸ் அல்லது பார்ட்னருக்கு. பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளை ஆகியோருக்குப் பிறகுதான் உடன்பிறந்தவர் வருகிறார். மருத்துவமனை உங்களிடம் கையெழுத்து வாங்கியது முறையான செயல்; நாளை மூத்தார் அங்கே வந்து, “நான்தான் ரத்த சம்பந்தம்” என்று சொன்னாலும் இந்த வரிசை மாறாது.

மணமுறிவுச் சட்டத்தில் நிலைமை தலைகீழ். இந்து முறைப்படி நடந்து பதிவாகாத திருமணத்தை ஏற்று மணமுறிவு தர வேண்டும் என்று ஒரு பெண் டர்பன் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள அந்த வழக்கில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இஸ்லாமியத் திருமணங்களுக்கு 2022 ஜூன் மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் வழி திறந்தது. 2024-இல் மணமுறிவுச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் பேசுவது இஸ்லாமியத் திருமணத்தைப் பற்றி மட்டுமே. நம் வீடுகளில் சிலர், “அந்தச் சட்டம் எல்லாச் சமயத்துக்கும் வந்துவிட்டது” என்று சொல்லக் கேட்கிறேன், வரவில்லை. உங்கள் இல்லறத்தில் பிரிவு என்ற பேச்சு இல்லை என்பதால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அந்தச் சொல் உங்களைப் பிடிக்கும் இடம்

கடைசிப் பக்கத்தில் நீங்கள் சாதாரணமாகக் குறிப்பிட்ட ஷூரிட்டிக் கையெழுத்துதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1936-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஸ்பவுஸ் என்ற சொல் மிக அகலமானது. எந்தச் சட்டப்படி, எந்த வழக்கப்படி நடந்த திருமணமானாலும் அதில் அடங்கும். மணம் ஆகாமலே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்பவர்களும் அடங்குவர். எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய சட்டம், மனைவி என்ற நிலையை இத்தனை தாராளமாக வழங்குவதற்குக் காரணம் கருணை அன்று. கடனாளி தன் சொத்தை வீட்டுக்காரி பெயரில் ஒளித்து வைத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

அதாவது, மூத்தாரின் லாரிக் கடன் திரும்பாமல், வங்கி உங்கள் கணவரைத் துரத்தி, அவருடைய சொத்து திவாலாக அறிவிக்கப்பட்டால், நீங்கள் பலகாரம் சுட்டுச் சேர்த்த பணமும் முதலில் திவால் பொறுப்பாளரின் கைக்குப் போகும். அது உங்கள் சொந்த உழைப்பில் வந்தது என்று நீங்கள் ஆதாரம் காட்டிய பிறகுதான் அதை மீட்க முடியும். “நான் பதிவு செய்த மனைவி இல்லையே” என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே உங்கள் வங்கிக் கணக்கின் அறிக்கைகளையும், விசேஷ வீடுகளிலிருந்து முன்பணம் வாங்கியபோது எழுதிய நோட்டுப் புத்தகத்தையும், சாமான் வாங்கிய ரசீதுகளையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஷூரிட்டி ஒப்பந்தத்தின் நகலைக் கணவர் வங்கியில் எழுத்து மூலம் கேட்டு வாங்கட்டும். தொகைக்கு வரம்பு இருக்கிறதா, எதிர்காலக் கடன்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறதா, இனிமேல் எடுக்கும் கடனுக்குப் பொறுப்பில்லை என்று அறிவிப்புக் கொடுத்து விலக வழி உண்டா என்ற மூன்றையும் அதில் பார்க்க வேண்டும். பயத்தில் வீட்டை உங்கள் பெயருக்குத் தானமாக மாற்றிவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால், வழக்கறிஞரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்; கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று பின்னாளில் நீதிமன்றம் அதை ரத்து செய்யக்கூடும்.

வீடு யாருக்கு

உங்கள் கணவர் உயில் எழுதாமல் காலமானால் என்ன நடக்கும் என்பதை 1987-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். அதன் வரிசையில் முதலில் ஸ்பவுஸும் பிள்ளைகளும். அவர்கள் யாரும் இல்லாதபோது பெற்றோர். அதற்கும் பிறகே உடன்பிறந்தோர். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் பதிவு செய்து மணந்தார்களா என்பது பிள்ளைகளின் வாரிசுரிமையைப் பாதிக்காது. ஆகவே நீங்கள் ஸ்பவுஸ் இல்லை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், வீடு உங்கள் பிள்ளைகளுக்குப் போகுமே ஒழிய மூத்தாருக்குப் போகாது. அவர் சொன்னதில் இந்த அடிப்படையே தவறு. உங்களைப் பயமுறுத்துவதற்கு வேண்டுமானால் அது உதவும்.

இனி, நீங்கள் அந்தச் சட்டத்தில் ஸ்பவுஸ்தானா என்பதைப் பார்ப்போம். இந்த வாதத்துக்கு நம் மண்ணில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1913 மார்ச் மாதம் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி செர்ல், குடியேற்றச் சட்டத்தில் உள்ள ‘வைஃப்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தார். ஒரே சொல்லுக்குத் தந்த பொருளால் இந்து, முஸ்லிம், பார்சி இல்லங்களின் மனைவியர் அனைவரும் சட்டத்தின் முன் வெறும் பெண்களாகிவிட்டார்கள். அந்த ஆண்டின் சத்தியாகிரகத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டிச் சிறைக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாளில் 1914 பிப்ரவரியில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதே ஆண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் தலைவரியை நீக்கியதோடு, இந்தியக் குருமாரைத் திருமண அலுவலராக நியமிக்கவும் வழி செய்தது. அந்தப் போராட்டத்தால் கிடைத்த வழியைத்தான் 1997-இல் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்தாமல் விட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாளில் பல வீடுகளில் நடந்தது அதுதான்.

செர்ல் தீர்ப்பின் பார்வை 2004-இல் முற்றிலும் மாறியது. ஒருதார இஸ்லாமியத் திருமணத்தில் கணவரை இழந்த கேப் டவுன் பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் ஸ்பவுஸ் என்ற சொல் அவரையும் குறிக்கும் என்றது. நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சாதாரண மக்கள் வழங்கும் பொருளில் அவர் ஸ்பவுஸ்தான், அவரைச் சேர்ப்பதற்குச் சொல்லை வளைக்க வேண்டியதில்லை, விலக்குவதற்குத்தான் வளைக்க வேண்டும். அந்த வழியைப் பின்பற்றி, 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான தீர்ப்பு ஒன்றில் டர்பன் உயர் நீதிமன்றம், ஒருதார இந்துத் திருமணத்தில் எஞ்சியவரும் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் ஸ்பவுஸ் என்று அறிவித்தது. அங்கே எதிர்த்தரப்பில் நின்றது இறந்தவரின் பெற்றோர். நீங்கள் வாழ்வது அதே குவாசூலு-நட்டால் மாநிலத்தில்; ஆகவே இந்தத் தீர்ப்பு உங்களுக்கு நேரடியாகத் துணை நிற்கும். இதற்கும் மேலாக, 2021 டிசம்பர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், நிரந்தர வாழ்க்கைத் துணையை இந்தச் சட்டத்திலிருந்தும், எஞ்சிய துணைக்குப் பராமரிப்பு தரும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் விலக்கி வைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சேர்ந்து வாழ்ந்த காலம் அங்கே சாட்சியமாகும். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

தொகையில் இது என்னவாகும் என்று பாருங்கள். கடன்கள் போக 900,000 ரேண்ட் மீந்தால், உங்களுக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக மூன்று சமபங்கு, ஆளுக்கு 300,000 ரேண்ட். பிள்ளையின் பங்கு 250,000-க்குக் குறைந்தால் ஸ்பவுஸுக்கு முதலில் 250,000 ரேண்ட் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பார்கள். ஆகவே, “மனைவி என்று நிரூபித்துவிட்டால் வீடு முழுவதும் எனக்கு” என்ற உங்கள் எண்ணமும் சரியல்ல. பிள்ளைகள் உங்களோடு ஒத்துப்போகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனாலும் மருமகனும் மருமகளும் வந்த பிறகு மூன்று பங்குதாரர்களின் வீடாக அது இருப்பதை நீங்கள் விரும்புவீர்களா என்று யோசியுங்கள்.

மேலே சொன்ன பாதுகாப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உயில் இல்லாதபோதுதான் அந்தச் சட்டம் பேசும். திருமணத்துக்கு முன்பு, அம்மாவுக்கோ அண்ணனுக்கோ எல்லாவற்றையும் எழுதி வைத்த பழைய உயில் ஏதும் உங்கள் கணவரிடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பின்னால் திருமணம் செய்துகொண்டால் முந்தைய உயில் தானாக ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படி ஆகாது. பழைய உயில் ஒன்று இருந்தால் மூத்தாரின் பேச்சுக்கு அங்கேதான் உயிர் வரும். உங்களுக்கு மிஞ்சுவது பராமரிப்புக் கோரிக்கை மட்டுமே.

உயிலும் நிதிகளும்

ஆகவே முதல் வேலை உயில். அதில் ‘என் ஸ்பவுஸுக்கு’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். இவ்வளவு நேரம் நாம் பேசிய வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் மறுபடி புகுந்துவிடும். உங்கள் முழுப்பெயர், அடையாள எண், ‘1997 முதல் என்னோடு வாழ்பவர்’ என்ற குறிப்பு ஆகியவற்றோடு எழுதச் சொல்லுங்கள். கணவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். பதினான்கு வயது நிறைந்த சாட்சிகள் இருவர் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். பலன் பெறுகிறவர் சாட்சியாகக் கூடாது. சாட்சியின் கணவனோ மனைவியோகூடப் பலன் பெற முடியாது. மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவள் பங்கை அவளே இழக்கும்படி செய்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

ப்ராவிடென்ட் ஃபண்டில் தொகை ஏதும் மீதம் இருந்தால் அது பொதுவாக உயிலுக்குள் வராது. இறந்தவரின் சார்ந்தோர் யார் யார் என்று நிதியின் அறங்காவலர்கள் விசாரித்து, நியாயமெனத் தோன்றும் விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குச் சட்டம் தரும் காலம் 12 மாதம். படிவத்தில் எழுதிய பெயர் அவர்களுக்கு வழிகாட்டி மட்டுமே, கட்டளை அன்று. ஃபியூனரல் பாலிசியும் ஆயுள் காப்பீடும் அப்படியல்ல: பயனாளியாகப் பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் போகும். பழைய பாலிசி எதிலாவது இன்னும் மாமியார் பெயரோ மூத்தார் பெயரோ இருந்தால், கணவர் ஒரு படிவத்தில் அதை மாற்றிவிடலாம்.

பதிவு செய்வதற்கு முன்

பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் ஹோம் அஃபேர்ஸ் வாசலுக்குப் போவதற்கு முன்னால் நோட்டரியிடம் போங்கள். ஒப்பந்தம் இல்லாமல் பதிவுத் திருமணம் செய்தால் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும். சொத்து மட்டுமல்ல, திருமணத்துக்கு முந்தைய கடனும் ஒன்றாகிவிடும். மூத்தாருக்காகக் கணவர் போட்ட ஷூரிட்டி, அந்த நொடி முதல் உங்கள் சேமிப்பையும் சேர்த்துப் பிணைக்கும். அந்தக் கடன் மட்டும் இல்லையென்றால், கூட்டுச் சொத்துமுறை உங்களுக்கு லாபமே: அதே 900,000 ரேண்டில் பாதி முதலிலேயே உங்களுடையது, மீதிப் பாதியிலும் ஸ்பவுஸ் என்ற முறையில் 250,000 ரேண்ட் வரும். கடன் எவ்வளவு என்று தெரியாத நிலையில் அந்த லாபத்தை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் திருமண ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்பே நோட்டரி முன் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் விலக்காத வரை, திருமணக் காலத்தில் இருவர் சொத்திலும் ஏற்படும் வளர்ச்சியைப் பிற்பாடு சமன் செய்யும் ‘அக்ரூவல்’ முறையும் கூடவே வரும். வீட்டைத் தொடக்க மதிப்பில் காட்டுவதா வேண்டாமா என்பதை நோட்டரியிடம் குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் நிலையில் பெரிய தொகை அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு சொத்துமுறையை மாற்ற நினைத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், செலவும் அதிகம்.

பதிவு 1997-க்குப் பின்னோக்கிச் செல்லாது. சான்றிதழில் நீங்கள் இப்போது பதியும் தேதிதான் இருக்கும். அதனால் கோவிலில் நடந்தது கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. வரிச் சட்டமும் ஓய்வூதியச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் ஏற்கெனவே அதை மதிக்கின்றன என்பதை மேலே பார்த்தீர்கள். கணவர் மனத்தெளிவோடு, தானே நேரில் ஒப்புதல் சொல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்க முடியாது. டயாலிசிஸ் முடிந்த சோர்வில் அவரால் வெளியே வர இயலாவிட்டால், கடுமையான அல்லது நீண்டகால நோயுள்ளவர் இருக்கும் இடத்துக்கே வந்து திருமணத்தை நடத்தத் திருமண அலுவலருக்குச் சட்டம் அனுமதி தருகிறது. நியமனம் பெற்ற குருக்கள் ஒருவரை வீட்டுக்கே அழைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். இதற்கு உங்கள் மகளும் மகனும் தடையின்றி நிற்கலாம்.

வங்கிக்காகக் கணவர் எழுதித் தந்த பவர் ஆஃப் அட்டர்னி கையில் இருக்கிறது என்பதால் அவசரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சுயநினைவை இழந்தால் அது செல்லாது; இறந்தால் அக்கணமே முடிந்துவிடும். ஆகவே அவசரம் இருக்கிறது.

இவை எதுவும் நடப்பதற்கு முன்பே எதிர்பாராதது நடந்துவிட்டால், 14 நாளுக்குள், இறந்தவரின் சொத்தை மேற்பார்வையிடும் மாஸ்டர் அலுவலகத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். நெருங்கிய உறவினர் பற்றிய ஜே-192 உறுதிமொழிப் படிவத்தை மூத்தார் நிரப்பும்படி விட்டுவிடாதீர்கள். அவர் ‘மணமாகாதவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதைத் திருத்த வழக்குத் தொடுக்க நேரலாம். நீங்களே நிரப்பி, கல்யாணப் பத்திரிகை, படங்கள், ஐயரோ அன்று மண்டபத்தில் இருந்தவர்களோ தரும் சத்தியக் கடிதம், மெடிக்கல் எய்ட் அட்டை, சார்ஸ் படிவங்களின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். பொய் எழுதிவிட்டோமோ என்று நீங்கள் பயந்த அதே படிவங்கள் அங்கே உங்கள் பக்கச் சாட்சியாகும். அதுவரை, லாரித் தொழில் சம்பந்தமாக மூத்தார் கொண்டுவரும் புதிய காகிதம் எதிலும், வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் கணவரோ நீங்களோ கையெழுத்திட வேண்டாம்.